பூச்சியே இல்லாத வீட்டுக்காரர்

சென்னை வாடகை வீடுகளின் உலகத்தை ஆராய முற்படுவோர் தவறாமல் சந்திக்கும் மனித வகைகளுள், தம் வீட்டில் பூச்சியே கிடையாது என்னும் கொள்கையுடைய வீட்டுக்காரர் தனியே வகைப்படுத்தத் தக்கவர். கரப்பானோ எலியோ மூட்டைப்பூச்சியோ, எதுவாயினும் அது குடித்தனக்காரரின் அட்டைப்பெட்டிக்குள் ஏறி, சாமான் வண்டியில் பயணம் செய்து, முன்பணம் எதுவும் கொடுக்காமல் குடியேறிவிட்டது என்பதே அவர் அறிந்த உயிரியல். "முப்பது வருஷமா இந்த வீட்டுல ஒரு எறும்பைக்கூடப் பார்த்ததில்ல சார், நீங்க வந்தப்புறம்தான்..." என்று அவர் இழுத்து நிறுத்தும்போது குற்றச்சாட்டு, சாட்சியம், தீர்ப்பு ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன.

கறையான் மட்டுமே இக்கொள்கைக்குச் சற்று இடைஞ்சல் தருகிறது. மண்ணிலிருந்து மண்குழாய் கட்டிச் சுவரேறி, கதவு நிலையின் உட்புறத்தைத் தின்றுவிட்டு வெளிப்பூச்சை மட்டும் விட்டுவைக்கும் அப்பூச்சியை, ஆறு மாதத்திற்கு முன்பு வந்த குடும்பம் பெட்டியில் கொண்டுவந்தது என்று சாதிப்பது கடினம். ஆயினும் அவர் தளர்வதில்லை. நிலையைத் தட்டிப் பார்க்கையில் பொத்தென்று உள்ளே போன விரலை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டே, குடித்தனக்காரர் தரையை ஈரத்துணியால் அளவுக்குமீறித் துடைத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்துசேர்கிறார்.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பதிலாக இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்புப் பணிகளை இரு தரப்பாருக்கும் பிரித்து ஓர் அட்டவணை தருகிறது. கட்டமைப்புப் பழுது, அதாவது கட்டடத்தின் உடலையே சார்ந்த சேதம், குடித்தனக்காரரால் விளைந்ததாக இல்லாதவரை உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, தாழ்ப்பாள் போன்றவை குடித்தனக்காரரின் பொறுப்பு. பூச்சி ஒழிப்பு என்று தனியே ஓர் இனம் அதில் இல்லை. மிக நெருங்கி வருவது ஈ புகாமல் தடுக்கும் வலையை மாற்றுவது, அதுவும் குடித்தனக்காரரின் தலையில். சட்டத்தில் வேறொன்றும் தெரியாத வீட்டுக்காரர் இந்த ஒரு வரியை மட்டும் எங்கிருந்தோ அறிந்துவைத்திருக்கிறார். ஈக்கு வலை போடுவது நீங்கள் என்றால் எலிக்குப் பொறி வைப்பதும் நீங்கள்தானே என்று அவர் சட்டத்தை விரித்துரைக்கும் லாகவத்தை மூத்த வழக்கறிஞர்களிடம்கூடக் காண்பது அரிது.

தம் பங்கிலுள்ள பழுதைச் சரிசெய்ய அவர் மறுத்தால், குடித்தனக்காரர் தாமே செய்து, எந்த ஒரு மாதத்திலும் பாதி வாடகைக்கு மிகாமல் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்பதும், எழுத்தில் கேட்டும் செய்யாமல் வீடு குடியிருக்கத் தகாததாகிவிட்டால் 15 நாள் முன்னறிவிப்புத் தந்து வெளியேறலாம் என்பதும் அதே சட்டத்தில் உள்ளன. மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் காலிசெய்தவரின் பக்கம் நின்ற இங்கிலாந்து நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் 1843ஆம் ஆண்டிலேயே உண்டு. பிரைட்டன் நகரில் கட்டில் மெத்தையோடு விடப்பட்ட வீடு அது. இதைக் கேட்டால் வீட்டுக்காரர், "நான் கட்டில் எதுவும் குடுக்கலியே சார்" என்பார். உரிமைகள் இவ்வளவு இருந்தும் குடித்தனக்காரர் கடைசியில் தம் காசிலேயே மருந்தடித்துக்கொள்வதற்குக் காரணம், முன்பணம் வீட்டுக்காரர் கையில் இருப்பதும், பெயிண்ட் செலவென்று அதில் எவ்வளவு கழியும் என்பது அவர் மனநிலையைப் பொறுத்திருப்பதுமே.

சொத்துரிமை மாற்றச் சட்டம் என்னும் 1882ஆம் ஆண்டின் பழைய சட்டம், வாடகைக்கு வருபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாத முக்கியமான குறை எதையும் உரிமையாளர் அறிந்திருந்தால் அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்கிறது. வீட்டுக்காரர் இக்கடமையை ஒரே ஒரு சந்தர்ப்பத்தில், தம்மையறியாமலேயே நிறைவேற்றுகிறார். அடுத்து வீடு பார்க்க வரும் குடும்பத்திடம், புதுப் பெயிண்ட் மணக்கும் நிலையருகே நின்றபடி, "பூச்சி பயமே வேண்டாம் சார், போன மாசம்தான் கறையான் மருந்து அடிச்சது" என்கிறார்.