அம்பு எங்கே தொடங்குகிறது?

கே: பி.எஸ்சி.யில் முதல் வகுப்பு வாங்கிய என் மகள், எம்.எஸ்சி. வேதியியலில் ஆர்கானிக் வினைகள் மனப்பாடமே ஆகவில்லை என்று கலங்குகிறாள். என்ன சொல்லித் தேற்றுவது?
– ஒரு தாய், விருதுநகர்

ப: மனப்பாடத்தை நிறுத்தச் சொல்லுங்கள், பாதிக் கலக்கம் போய்விடும்! வினைகள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். பெரும்பாலானவற்றில் நடக்கும் சங்கதி ஒன்றுதான். எலக்ட்ரான் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகர்கிறது. ராபர்ட் ராபின்சன் 1922-இல் கையாண்ட வளைந்த அம்புக்குறி அதைத்தான் காட்டுகிறது. அம்பின் வால் எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் தொடங்க வேண்டும். நிறையப் பிள்ளைகள் இதைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் திண்டாடுகிறார்கள்.

மெத்தில் புரோமைடை எடுத்துக்கொள்ளட்டும். ஹைட்ராக்சைடு அயனி, புரோமினுக்கு நேர் பின்புறமாக வந்து கார்பனைப் பிடிக்கிறது. புரோமின் கழல, மூன்று ஹைட்ரஜன்களும் பெருங்காற்றில் குடை மடங்குவதுபோல மறுபக்கம் திரும்பிவிடுகின்றன. கையால் ஒருமுறை வரைந்து பார்த்தால் மறக்குமா?

இன்னொன்றும் சொல்லுங்கள். வைட்டமின் பி12-ஐ ஆய்வகத்தில் உருவாக்கும் முயற்சியில் வேதியியலாளர் உட்வர்டுக்கு ஒரு வினை எதிர்பாராத வடிவில் முடிந்தது. அவர் விடவில்லை, ‘ஏன்?’ என்று துருவினார். இளைஞர் ரோல்ட் ஹாஃப்மனும் சேர்ந்துகொள்ள, 1965-இல் உட்வர்ட்–ஹாஃப்மன் விதிகள் பிறந்தன. ஹாஃப்மனுக்கு 1981-இல் நோபல் கிடைத்தது. பெரிசைக்ளிக் வினைகள் பாடம் வரும்போது உங்கள் மகள் படிக்கப்போவது அந்த விதிகளைத்தான்.