பேய்க்கு பிளாஷ்பேக் வேண்டும், ஏலியனுக்கு வேண்டாம்

• 'முனி'யில் தொடங்கி 'காஞ்சனா 3' வரை நான்கு படங்களையும் வரிசைப்படுத்துங்கள். மழுப்பக் கூடாது!
– வாசகி, வேளச்சேரி

'காஞ்சனா' (2011) முதலிடம். அடுத்தது 'முனி' (2007). மூன்றாவது 'காஞ்சனா 2' (2015). கடைசி 'காஞ்சனா 3' (2019).

முதலிடத்துக்குக் காரணம் சரத்குமார். உடற்கட்டுக்கும் சண்டைக்கும் பெயர்போன கதாநாயகர், புடவை கட்டிய திருநங்கையாக வந்து நின்றார். அதில் கேலியின் சாயல் துளியும் இல்லை. வீட்டார் விரட்டிவிட்டவர், தன்னைப் போலவே விரட்டப்பட்ட இன்னொரு பிள்ளையை வளர்த்து டாக்டராக்குகிறார். மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை எம்.எல்.ஏ. பிடுங்கிக்கொண்டு அவரைக் கொல்கிறார். இடைவேளை வரை பேயைப் பார்த்து அலறிய அரங்கம், அதற்குப் பிறகு பேயின் கட்சிக்கு மாறிவிடுகிறது. 'முனி'யில் ராஜ்கிரணுக்கும் இதே அநீதிதான். ஆனால் 'காஞ்சனா' அளவுக்கு நெஞ்சைப் பிடிக்கவில்லை. 'காஞ்சனா 3'-இல் பேயே மாஸ் ஹீரோ ஆகிவிடுகிறார். விசில் வாங்குகிற பேயைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

• தமிழ்ப் பேய் எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு பிளாஷ்பேக் வந்துவிடுகிறதே, ஏன்?
– வங்கி ஊழியர், மயிலாப்பூர்

ஏனென்றால் நம் ஊரில் பேய் என்பது முடியாமல் போன வழக்கு. போலீஸ் எழுதாத எஃப்.ஐ.ஆரை அது தானே எழுதிக்கொண்டு வருகிறது. நிலம் பறிபோனவர், கௌரவத்துக்காகக் கொல்லப்பட்ட பெண், எரித்துப் புதைக்கப்பட்ட ஏழை என்று வாதி யாராவது ஒருவர் இருப்பார். நமக்கு வருகிற பயம் பாதிதான் பயம், மீதி குற்ற உணர்ச்சி. பிளாஷ்பேக்கை வெட்டிவிட்டால் தமிழ்ப் பேய்ப்படத்தில் மிஞ்சுவது கதவுச் சத்தம் மட்டும்தான். அதனால் அந்தப் பிளாஷ்பேக்கை நான் குறையாகவே நினைக்கவில்லை. அதுதான் நம் படங்களின் இதயம்.

• 'அரண்மனை' வரிசை?
– அதே வாசகி, வேளச்சேரி

2014, 2016, 2021, 2024 என நான்கு. தரமும் வெளிவந்த வரிசைப்படியே. முதல் படத்தில் பேய்பிடித்த மனைவியாக ஆண்ட்ரியா பிரமாதம். மூன்று ஆண்டுகள் கழித்து உங்கள் பக்கத்து ஊரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ராமின் 'தரமணி'யில் பேய் எதுவும் இல்லாமலே அவர் இன்னும் பெரிய உக்கிரம் காட்டினார்.

• ஆழ்வார்பேட்டையில் இருக்கிறேன். 'டிமான்ட்டி காலனி'யைச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவேன்.
– கல்லூரி மாணவி

வர வேண்டாம், நானே சொல்கிறேன். பயத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் அஜய் ஞானமுத்துவின் 2015 படம் மேலே சொன்ன எட்டுப் படங்களுக்கும் முன்னால் நிற்கும். உங்கள் செயின்ட் மேரிஸ் சாலைப் பக்கத்துப் பெயரை எடுத்துக்கொண்டு, நான்கு இளைஞர்களை ஓர் அறையில் பூட்டினார்கள். இந்தப் பேய் நம்மிடம் நீதி கேட்கவில்லை, தன் நகையைத் தொட்டவனை விடமாட்டேன் என்கிறது. அதனோடு சமாதானம் பேச வழியே இல்லை. 2024-இல் வந்த இரண்டாம் பாகம் கதைச் சரடுகளைக் கூட்டியது, அறையைப் பெரிதாக்கியது. அறை பெரிதானதும் மூச்சு முட்டுவது நின்றுவிட்டது.

• 'ஏலியன்' தொடரைத் தரவரிசைப்படுத்தச் சொன்னால் எங்கள் விடுதியில் அடிதடி நடக்கிறது. நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.
– திரைப்படக் கல்லூரி மாணவர், தரமணி

தீர்ப்பு இதோ. ஒன்று 'ஏலியன்' (1979), இரண்டு 'ஏலியன்ஸ்' (1986). மூன்றில்தான் உங்கள் விடுதி இரண்டாகும்: 'ஏலியன் 3' (1992), அதுவும் 2003-இல் வெளியான நீண்ட வடிவம். நான்கு 'ரோமுலஸ்' (2024), ஐந்து 'ப்ரொமீதியஸ்' (2012), ஆறு 'ரிசரக்‌ஷன்' (1997), ஏழு 'கவனன்ட்' (2017). பிரிடேட்டரோடு மோதவிட்ட 2004, 2007 படங்கள் எட்டும் ஒன்பதும். ஒன்பதாவதை இருட்டில் எடுத்திருக்கிறார்கள். யார் யாரைக் கடிக்கிறார்கள் என்பதே தெரியாது.

முதல் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், படிக்கிற பிள்ளை நீங்கள். ரிட்லி ஸ்காட் அந்தப் பிராணியைக் கடைசிக் காட்சிகள் வரை முழுதாகக் காட்டுவதே இல்லை. சுவிஸ் ஓவியர் கீகர் வடிவமைத்த அந்தத் தலையில் கண்கள் தெரியாது. அது எங்கே பார்க்கிறது என்று நமக்குப் புரியாததால், நம்மைத்தான் பார்க்கிறது என்று தோன்றிவிடுகிறது. அந்த உடைக்குள் இருந்தவர் பொலாஜி படேஜோ. லண்டனில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய இளைஞர், ஏறத்தாழ ஏழடி உயரம். மனித உடலின் அளவே அங்கே தப்பாக இருக்கிறது, அந்தத் தப்பைத்தான் நம் முதுகுத்தண்டு கண்டுகொள்கிறது. ஜான் ஹர்ட்டின் மார்பைக் கிழித்துக்கொண்டு குட்டி வெளிவரும் காட்சியில், ஏதோ வெளியே வரும் என்று மற்ற நடிகர்களுக்குத் தெரியும். ரத்தம் அவ்வளவு பீறிடும் என்று தெரியாது. அவர்கள் முகத்தில் நீங்கள் பார்ப்பது பாதி நடிப்பு, பாதி நிஜம்.

இன்னொன்று. கப்பல் இறங்கும் கோளில் பிரம்மாண்டமான ஒரு சடலம் இருக்கையில் கல்லாகிக் கிடக்கும். மார்பில் ஓட்டை. யார், எந்த ஊர், எப்போது செத்தார் என்று படம் ஒரு வார்த்தை சொல்லாது. 33 ஆண்டுகள் கழித்து 'ப்ரொமீதியஸ்' வந்து அவருக்கு பிளாஷ்பேக் கொடுத்தது. 'கவனன்ட்' இன்னும் ஒரு படி போய், அந்தப் பிராணியை டேவிட் என்கிற இயந்திர மனிதன் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்தான் என்றது. காஞ்சனாவுக்குக் கதை சொன்னால் அவர் மேல் அன்பு வரும். ஏலியனுக்குக் கதை சொன்னால் பயம் போகும், அன்பும் வராது. 'ப்ரொமீதியஸ்', 'கவனன்ட்' இரண்டும் பார்க்க அழகானவை, மைக்கேல் ஃபாஸ்பெண்டர் அபாரம். 'ப்ரொமீதியஸ்' ஐந்தில் நிற்பது, நாயகி தன் வயிற்றைத் தானே இயந்திரத்தில் கிழித்துக்கொள்ளும் அந்த ஒரு காட்சிக்காக.

'ஏலியன் 3'-க்கு என் வாதம்: இரண்டாம் படத்தில் அரும்பாடுபட்டுக் காப்பாற்றிய சிறுமியையும் வீரரையும் முதல் சில நிமிடங்களிலேயே கொன்றுவிட்டார்களே என்று 1992-இல் ரசிகர்கள் கொதித்தார்கள். டேவிட் ஃபின்ச்சருக்கு அது முதல் படம். தயாரிப்பாளர்களோடு நடந்த இழுபறியில் மனம் வெறுத்து, பிற்பாடு அவரே அதைக் கைவிட்டார். இருந்தும் சிறைக்கோள், மொட்டைத்தலைக் கைதிகள், தனக்குள் அந்தப் பிராணி வளர்வது தெரிந்தும் நடமாடும் நாயகி ரிப்ளி, கடைசியில் உலைக்குள் அவள் விழும் அந்தக் கணம்! தொடரிலேயே துக்கம் தெரிந்த படம் அது ஒன்றுதான். விடுதியில் இதைச் சொல்லி அடி வாங்கினால் எனக்கு எழுதுங்கள்.

• டைடல் பார்க்கில் வேலை. எனக்கு 'ஏலியன்ஸ்'தான் முதலிடம். ரிப்ளி அந்தச் சிறுமிக்காகத் திரும்பிப் போகிற இடத்தில் அழுதுவிடுவேன். எப்படி இரண்டாமிடம் கொடுப்பீர்கள்?
– ஐ.டி. ஊழியர்

நானும் அந்த இடத்தில் அழுவேன். ஜேம்ஸ் கேமரூன் எடுத்தது ஓர் அம்மா படம். இந்தப் பக்கம் 57 ஆண்டுகள் உறங்கி எழுந்த ரிப்ளி, அந்தப் பக்கம் முட்டையிடும் ராணி. இரண்டு தாய்கள் மோதிக்கொள்கிறார்கள். சிகோர்னி வீவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. இந்த வகைப் படத்துக்கு அது அபூர்வம். ஆனால் அங்கே கையில் துப்பாக்கி இருக்கிறது, கூட்டமாக வருகிற எதிரியைக் கூட்டமாகச் சுடலாம். முதல் படத்தில் ஒரே ஒரு பிராணி, பெரிய ஆயுதம் என்று சொல்ல ஒன்றுமில்லை. எது அதிகம் பயம்?

நீங்கள் ஐ.டி. என்பதால் முதல் படத்தை மறுபடி பார்க்கச் சொல்கிறேன். நாஸ்ட்ரோமோ கப்பலில் இருப்பவர்கள் விஞ்ஞானிகளோ வீரர்களோ அல்ல, சரக்கு ஏற்றிவரும் ஏழு பேர். விழித்ததும் அவர்கள் பேசுவது போனஸ் பற்றி. வழியில் சிக்னல் வந்தால் இறங்கிப் பார்க்க வேண்டும், மறுத்தால் பங்கு முழுவதும் ரத்து என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. அந்த ஷரத்துதான் அவர்களைக் கொல்கிறது. பிராணியைப் பத்திரமாகக் கொண்டுவா, ஆட்கள் போனால் பரவாயில்லை என்பது கம்பெனியின் ரகசிய உத்தரவு. 'ரோமுலஸ்' நாலாம் இடம் வாங்கியதும் இதை மறக்காததால்தான். வேலை நேர ஒதுக்கீட்டை முடித்துவிட்டு விடுதலை கேட்டுப் போகும் சுரங்கக் காலனிப் பெண்ணிடம், ஒதுக்கீடு கூடிவிட்டது, இன்னும் சில ஆண்டுகள் உழைக்கணும் என்கிறார்கள். அந்தக் கவுன்டர் காட்சியின் திகில், பிறகு வருகிற எந்தப் பிராணிக்கும் குறைந்ததல்ல. முதல் படத்தில் நடித்த, இப்போது மறைந்துவிட்ட இயன் ஹோமின் முகத்தைக் கணினியில் உயிர்ப்பித்து உலவவிட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. செத்தவரை அப்படி வேலை வாங்கக் கூடாது.

• என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. 'ஏலியன்' பார்க்கலாமா?
– இல்லத்தரசி, திருவான்மியூர்

வேண்டாம் அம்மா. இன்னும் நாலைந்து வருடம் போகட்டும். அதுவரைக்கும் 'கலை அரசி' (1963) போட்டுக் காட்டுங்கள். எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்தது. காசிலிங்கம் இயக்கியது. அதிலும் வேற்றுக்கிரகவாசி பூமிக்கு வருகிறார், ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டும் போகிறார். எதற்கு? அவர்கள் கிரகத்தில் இசை இல்லையாம், பாட்டுச் சொல்லித்தர ஆள் வேண்டுமாம்! நான்கு ஆண்டுகள் கழித்து சத்யஜித் ரே ஹாலிவுட்டுக்காக எழுதி, எடுக்கப்படாமலே போன 'தி ஏலியன்' திரைக்கதையிலும் வங்காளக் கிராமத்துக் குளத்தில் இறங்குவது சாதுவான ஒரு ஜீவன்தான். வெளியிலிருந்து வருகிறவரை நாம் விருந்தாளியாகவே நினைத்திருக்கிறோம். நம்முடைய பயமெல்லாம் வீட்டுக்குள் நாமே செய்த பாவத்தைப் பார்த்துத்தான்.

• தமிழில் அறிவியல் திகில் தொடரே கிடையாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தி.நகர்

உண்டு, இரண்டே பாகம். வேலு பிரபாகரனின் 'நாளைய மனிதன்' (1989), அதன் தொடர்ச்சியான 'அதிசய மனிதன்' (1990). இறந்தவரை எழுப்பும் மருந்தை ஒரு டாக்டர் கண்டுபிடிக்கிறார். எழுந்து வருவது மனிதனல்ல. அந்த வேடத்தில் வந்த அஜய் ரத்னத்தின் உயரமும் இறுகிய முகமும் அன்றைக்குப் பல பிள்ளைகளைத் தூங்கவிடவில்லை. பேயே இல்லாத திகில் படம் எடுக்கத் துணிந்தவர் பின்னாளில் 'கடவுள்' எடுத்த பகுத்தறிவாளர் என்பதில் ஆச்சரியமில்லை. இரண்டில் முதலாவதே மேல். 2016-இல் 'மிருதன்' ஜாம்பிகளைக் கொண்டுவந்து, நாயகனையே ஜாம்பியாக்கியது. அந்தத் துணிச்சலுக்கு ஒரு வணக்கம்.

• '2.0' அறிவியல் படமா, பேய்ப்படமா?
– அதே ஆசிரியர்

பேய்ப்படம். செல்போன் கோபுரத்தில் தூக்கில் தொங்கும் பட்சிராஜன், செத்த பறவைகளுக்காக வழக்காட வருகிறார். பிளாஷ்பேக் உண்டு, குற்ற உணர்ச்சி உண்டு, காஞ்சனாவுக்குச் சொந்தக்காரர் அவர். இதன் முதல் பாகமான 'எந்திரன்' (2010) கச்சிதமான படம். ஆனால் பட்சிராஜனின் அந்தப் பிளாஷ்பேக் அளவுக்கு 'எந்திரன்' என்னை உலுக்கியதில்லை.

• 'ஏலியன்' படத்தில் ரிப்ளியோடு பூனையும் பிழைக்கிறதே!
– பள்ளி மாணவி, அடையாறு

அந்தப் பூனை ஜோன்ஸுக்குப் பங்கும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. அதனால் கம்பெனியால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. பூனை பிடித்திருந்தால் எழுத்தாளர் சுஜாதாவின் இயந்திர நாய்க்குட்டி ஜீனோவையும் படித்துவிடு.

• படிப்பு முடிந்ததும் அறிவியல் திகில் படம்தான் எடுப்பேன். எங்கே தொடங்குவது?
– இன்னொரு திரைப்படக் கல்லூரி மாணவர், தரமணி

உங்கள் வாசலில் தொடங்குங்கள். உங்களுக்கு முன்னால் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் சேர்ந்து 1986-இல் 'ஊமை விழிகள்' எடுத்து, அகன்ற திரையில் தமிழ்நாட்டையே நடுங்க வைத்தார்கள். அவர்களுக்குக் கிடைக்காத இடங்கள் உங்களைச் சுற்றி இருக்கின்றன. தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். குப்பையும் கட்டடங்களும் தின்றது போக மிஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022-இல்தான் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. வழக்காட வரவேண்டிய பேய் ஒன்று அங்கே காத்திருக்கிறது. பிளாஷ்பேக்கைத் தாராளமாக வையுங்கள்.

ஏலியன் மாதிரி வேண்டுமென்றால் அதே பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே உருவாகும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கி மூன்று பேரைக் கடலுக்கடியில் 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக வடிவமைக்கப்பட்டது. உட்காரும் டைட்டானியக் கோளத்தின் குறுக்களவு 2.1 மீட்டர். ஆபத்து வந்தால் 96 மணி நேரம் உயிர்க்காற்று. மூன்று நடிகர்கள், ஒரே அறை, ஒரே கடிகாரம். செலவும் குறைவு. வெளியே கோளத்தை ஏதோ ஒன்று தட்டுகிறது. அது என்ன என்று கடைசி வரை சொல்லாதீர்கள். தயாரிப்பாளர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.