படம் சொல்லி இலக்கணம்: மீஞ்சூர் வழக்கு

மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று பிரித்து, அன்னம், பசுவில் தொடங்கி எருமை, பன்னாடை வரை உவமை கண்டவர் நன்னூலார். யாரும் பார்க்காத படத்தைத் தான் மட்டும் பார்த்துவிட்டு அடுத்தவர் உயிரை வாங்கும் ‘படம் சொல்லி’ என்னும் சாதியை மட்டும் அவர் வகைப்படுத்தாமல் விட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்தத் தொல்லை இல்லை. இன்று உண்டு. கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறினால் பெட்டிக்கு இருவர் தேறுவர்.

எல்லை கூறுதும். வடக்கே பொன்னேரி, தெற்கே அத்திப்பட்டு, கிழக்கே அனல் மின் நிலையப் புகைபோக்கிகளும் காட்டுப்பள்ளித் துறைமுகமும், மேற்கே, வண்டலூரில் கிளம்பி 62 கிலோமீட்டர் ஓடிவந்து சேரும் வெளிவட்டச் சாலை. நடுவில் மீஞ்சூர். காஞ்சிபுரத்தைப் போலவே இங்கும் வரதராசரும் ஏகாம்பரநாதரும் இருப்பதால் ஊருக்கு வடகாஞ்சி என்றும் பெயர். அசலைத் தேடிப் போக முடியாதவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு பிரதி வேண்டும் என்ற கொள்கை ஆதியிலிருந்தே ஊரில் இருக்கிறது.

முதற்பொருளில் பொழுது என்பது நைட் ஷிப்ட் முடிந்த காலை. ஊரே வேலைக்குப் போயிருக்க, வெயிலில் தூக்கமும் வராமல், பாயில் படுத்துச் செல்போனைப் பார்ப்பவனுக்குப் புதுப்படம் பற்றிப் பேச ஆள் கிடையாது. அதனால் அவன் பழைய படத்துக்குள் இறங்குகிறான். கருப்பொருள்: பென்டிரைவ், பவர் பேங்க், ஒரு காதில் மட்டும் கேட்கும் இயர்போன். உரிப்பொருள்: ‘பாத்துக்கிறியா?’ என்று கேட்டலும் கேட்டல் நிமித்தமும்.

இனிப் படத்தின் இலக்கணம்.

அன்றே ஓடாது பின்னே ஓடி
ஓடிய பின்னர்க் கைவிடப் படுவது
கல்ட்டெனப் படுமே கற்றோர் வழக்கின்.

உரை: மூலபாடம், 1954-இல் வீணை வித்வான் எஸ். பாலசந்தர் ஏவிஎம்முக்கு இயக்கிய ‘அந்த நாள்’. சிவாஜி கணேசன் படம் தொடங்கிய கையோடு சுடப்பட்டு விழுகிறார். மிச்சப் படம் முழுக்க, அவரைச் சுட்டது யார் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒரு பாட்டும் கிடையாது. பாட்டுக்காகவே கொட்டகைக்குப் போன காலத்தில் அது பெருங்குறை. இன்று படம் சொல்லிகள் வாயில் வரும் முதல் வாக்கியமே அதுதான். 1978 தீபாவளிக்கு வந்த ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ இன்னும் விசித்திரம். கமல், ரஜினி, ஸ்ரீபிரியா, இசை இளையராஜா. இத்தனை இருந்தும் வந்த வேகத்தில் கூட்டம் சேரவில்லை. நெற்றியில் விபூதி, கையில் மதுக்கோப்பை என்று ரஜினி நிற்பதைக் கறுப்பு வெள்ளையில் முதன்முதலாகப் பார்க்கிறவன், அன்றே படம் சொல்லியாக மாறிவிடுகிறான். மருந்து கிடையாது.

‘கைவிடப் படுவது’ என்றது ஏன் எனின், படம் சொல்லிகளுள் தோண்டி என்னும் முதல் வகையை நோக்கி என்க. தோண்டிக்கு வேண்டியது படமல்ல, அதை வேறு யாரும் பார்க்கவில்லை என்ற உறுதி. தணிக்கையில் 52 இடங்களில் வெட்டச் சொன்ன ‘ஆரண்ய காண்டம்’ 2011-இல் வந்து, பார்த்தவர் சிலராகவே போனபோது அதைத் தோளில் சுமந்தவன் இவன். அறிமுக இயக்குநர், படத்தொகுப்பு என்று இரண்டு தேசிய விருது வந்தபோதே முகம் லேசாகக் கறுத்தது. 2019-இல் அதே படத்தை எடுத்த தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ வந்து, ஊரே திரும்பிப் போய் ஆரண்ய காண்டத்தைப் பார்த்ததும், ‘அது பரவால்லப்பா’ என்று இறக்கி வைத்துவிட்டான்.

இரண்டாவது, பர்மா பஜார் மூத்தோர். ஆனந்த விகடனில் செழியன் எழுதிய ‘உலக சினிமா’ தொடரை வாசித்துவிட்டு, பீச் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே வரிசை கட்டிய கடைகளில் குரோசவாவையும் கிம் கி டுக்கையும் பேரம் பேசி வாங்கியவர்கள். அந்த டிவிடிகள் ஓடுவதை நிறுத்திப் பல காலமாகிறது. ஆனாலும் உறையோடு வைத்திருப்பார்கள், கேட்டால் தரமாட்டார்கள்.

மூன்றாவது, மொக்கை நயப்போர். இவர்களை இகழ்வது எளிது, நான் இகழமாட்டேன். 2016-இல் ‘மிருதன்’ தமிழின் முதல் ஜாம்பி படம் என்று விளம்பரமானபோது, 1989-இலேயே வேலு பிரபாகரன் ‘நாளைய மனித’னில் பிணத்தை எழுப்பி நடக்கவிட்டார் என்று பல்லைக் கடித்தவர்கள் இவர்களே. தொழிற்சாலை விடுதிகளில் பீகார், ஒடிசா நண்பர்களிடமிருந்து இவர்களுக்கு வடநாட்டுச் சரக்கும் வருகிறது. காந்தி ஷா எடுத்த ‘குண்டா’ (1998) அப்படி ஒன்று. வில்லன்கள் வரிசையாக வந்து தம் பெயருக்கு எதுகை போட்டு அறிமுகம் செய்துகொள்வார்கள். இந்தி தெரியாவிட்டாலும் யாப்பு புரியும்.

பார்க்காமலே பரப்புவோர், முடிவைச் சொல்லமாட்டேன் என்று தொடங்கி முடிவைச் சொல்வோர் ஆகியோர் எண்ணிக்கையில் மிகுதி. விரிவஞ்சி விடுத்தாம்.

எஞ்சியது முகம்பார்ப்பி. வகைகளுள் கொடிது. லிங்க் அனுப்பிவிட்டுப் போகமாட்டார். மீஞ்சூரில் ரயில் ஏறியதும் ஜன்னலோர இடத்தைத் தந்து, செல்போனையும் தந்து, இயர்போனில் ஒன்றை உங்கள் காதில் தாமே செருகுவார். அதன்பின் திரையை ஒரு முறையும் பார்க்கமாட்டார். உங்கள் முகத்தையே பார்ப்பார். நல்ல கட்டம் வரும் முன்பே தொடையில் தட்டுவார். ‘இப்ப பாரு... இப்ப பாரு...’ நீங்கள் புருவத்தைத் தூக்கத் தவறினால் பத்து விநாடி பின்னால் தள்ளி மறுபடி ஓட்டுவார். திருவொற்றியூரில் கூட்டம் ஏறி, யாரோ ஒருவருடைய கூடை உங்கள் மடிக்கு வந்தாலும் விடமாட்டார். தண்டையார்பேட்டை தாண்டும்போது நீங்கள் வியந்தே ஆகவேண்டும்.

இவரிடமிருந்து தப்ப ‘பாத்துட்டேண்ணா’ என்று பொய் சொல்வது உலக வழக்கு. ஆனால் நூலுணர்ந்தார் அதற்கும் சோதனை வைத்திருக்கிறார்கள். மூத்த ஃபிட்டர் ஒருவருக்கும் கான்ட்ராக்ட் ஹெல்பருக்கும் நடந்தது எடுத்துக்காட்டு:

‘தம்பி, அந்த நாள் பாத்துக்கிறியா?’

‘எந்த நாள்ணா?’

‘படம்பா. சிவாஜி படம்.’

‘ஓ, அதுவா! போன வாரமே பாத்துட்டேண்ணா. செம படம்.’

‘அதுல எந்தப் பாட்டு புட்ச்சுது?’

‘ரெண்டாவது பாட்டுண்ணா.’