உன் ரெண்டாவது கைடு பேசறன்

வாடா பேராண்டி, உக்காரு. அந்தப் பையக் கீழ எறக்கு. ஆராய்ச்சி பாரம் தாங்காம தோளு ஒரு பக்கமா சாஞ்சி கெடக்குது. டீயக் குடி. விருத்தாசலத்துப் பீங்கான் கப்பு அது, குடிச்சிட்டு ஞாபக மறதியா வெளியில வீசிடாத.

பல்கலைக்கழகத்துல உனக்கு ஒரு கைடு இருக்காரு, சரி. கம்மாபுரம் எல்லைக்குள்ள வந்துட்டா உனக்கு ரெண்டாவது கைடு நான்தான். எனக்குச் சம்பளம் வேணாம். எழுதாத கட்டுரையில மூணாவது பேரா என்னச் சேக்கவும் வேணாம்.

நேத்து செல்லுல காட்டினியே, உன் கட்டுரை வந்த புத்தகம், அத ஒரு நோட்டம் விட்டன். மொதல்ல சர்க்கரை வியாதி. அடுத்தாப்புல முதியோர் இல்லம். அதுக்கப்பறம் மண்புழு, தேக்குமரம், கடைசியில நம்ம மல்லாட்டை. விருத்தாசலம் சந்தையிலகூட வெங்காயத்துக்கு ஒரு எடம், கருவாட்டுக்கு ஒரு எடம்னு இருக்குது. அச்சுல ஏத்த எவ்வளவு கட்டினன்னு கேட்டன், நீ ஓட்டப் பாத்த. விடு, நான் கேக்கல. பட்டத்துக்கு முன்னாடி கட்டுரை போட்டே ஆவணும்ங்கற விதிய 2022-லியே யுஜிசி எடுத்துடுச்சின்னு நீதான சொன்ன? அப்பறமும் எதுக்குடா கட்டற? வேலைக்கு மார்க்கு வேணும்ப. ஹிண்டாவின்னு ஒரு பெரிய பதிப்பகம், 2023-ல மட்டும் எட்டாயிரத்துக்கு மேல கட்டுரைய வாபஸ் வாங்கிச்சாம். அதக் காட்டி வாங்கின பதவி உயர்வையும் வாபஸ் வாங்கினாங்களான்னு கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல.

அந்தப் புத்தகத்துல அஞ்சி துறையும் கலந்து கெடக்குதுன்னு சிரிச்சன் இல்லியா? ராத்திரி படுத்துக்கிட்டு யோசன பண்ணதுல, சிரிச்சிருக்கக் கூடாதுன்னு பட்டுது. காசுக்குக் கலந்தானோ எதுக்குக் கலந்தானோ, கலந்தது சரிதான். தனித்தனியாப் பிரிச்சிக்கிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம இருக்கறீங்க பாரு, அதுதான் கோளாறு. நம்ம கொல்லையில நிக்கிற முந்திரி மரத்த எடுத்துக்க. அது வேளாண்மையா, வனமா? ரெண்டு பேருமே எங்களதும்பாங்க. 1974-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் தைலமரத்தோட முந்திரியும் வெச்சிருக்குது. 2011 டிசம்பர் 30 விடியக்காலம் தானே புயல் வந்து அடிச்சிப் போட்டுதே, அது வனத்துறை மரம், வேளாண்துறை மரம்னு பாத்தா சாச்சுது?

முந்திரியில ஒழுங்கா ஆராய்ச்சி பண்ண ஆளுங்களும் இருக்காங்க, வெகுதூரம் போவ வேணாம். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்துல இருந்து 1981-ல விஆர்ஐ 1, 1985-ல விஆர்ஐ 2, 1991-ல விஆர்ஐ 3. அந்த ரகமெல்லாம் எங்க கெடச்சிதுன்னு நெனக்கிற, கண்ணாடிக் குழாயிலயா? மொத ரகத்தோட தாய்மரம் வழிசோதனைப்பாளையத்துது. மூணாவதுக்கு இடையஞ்சாவடி. ரெண்டும் பழைய தென்னாற்காட்டு ஊரு. நல்லாக் காய்க்கிற மரம் எங்க நிக்குதுன்னு தேடி, அதோட வம்சத்த வளத்து, அதுல தேறினதப் பொறுக்கியிருக்காங்க. மரத்துக்கு ஏழு கிலோ கொட்டை தர்ற ரகத்துல இருந்து பத்து கிலோ தர்ற ரகத்துக்கு வந்தாங்க. முந்திரி அயல்மகரந்தத்துல காய்க்கிறதால கொட்டைய நட்டா தாய்மரம் மாதிரியே வரும்னு சொல்ல முடியாது. அதனால ஒட்டுக் கட்டி, கன்னாக் குடுத்தாங்க. கவனி. ஊருல இருந்து எடுத்தாங்க, ஊருக்கே திருப்பிக் குடுத்தாங்க. போன தடவ வந்தப்ப எங்கிட்ட ரெண்டு மணி நேரம் எடுத்துக்கிட்டுப் போனியே, என்னத்தடா திருப்பிக் குடுத்த? கையெழுத்துப் போட்ட பேனாவக்கூட வாங்கிக்கிட்டுப் போயிட்ட.

அப்ப நீ நீட்டின கேள்வித்தாளப் பத்தியும் சொல்லிடறன். “முந்திரி சாகுபடி எனக்கு மனநிறைவு அளிக்கிறது.” அதுக்கு அஞ்சி கட்டம். முழுமையா ஒப்புக்கறன்ல ஆரம்பிச்சி அறவே ஒப்புக்கலங்கற வரைக்கும். 1932-ல அமெரிக்காவுல லிக்கர்ட்டுன்னு ஒருத்தரு கண்டுபிடிச்சது, அப்படித்தான? பாவம், அவருக்கு நம்ம ஊரு தெரியாது. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நெலம் அளக்க வந்தவங்களப் பாத்த சனம் இது. இஸ்திரி போட்ட சட்டையும் கையில காகிதமுமா எவன் வந்தாலும் உஷாராயிடுவாங்க. வருமானம் கேட்டா பாதியாச் சொல்லுவாங்க. கடன் கேட்டா ரெட்டிப்பாச் சொல்லுவாங்க, தள்ளுபடி வந்தா ஆவட்டும்னு. மத்ததுக்கெல்லாம் நடுக்கட்டம், ‘கருத்து இல்லை’. அத நீ கம்ப்யூட்டர்ல ஏத்தி, விவசாயிங்க நடுநிலையா இருக்காங்கன்னு முடிவுரை எழுதுவ. அதுக்குப் பட்டம் வேற.

துறை துறையாப் பிரிச்சிப் பாத்தா என்ன ஆவும்னு கேட்டியே, காசர்கோட்ட எடுத்துக்க. அங்கியும் நம்மளப் போல முந்திரிதான். கேரள அரசோட தோட்டக் கழகத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கரு. துளுத்து பூ வைக்கிற காலத்துல தேயிலைக் கொசு சாத்த உறிஞ்சி, கொழுந்தும் பூவும் கருகிப் போவும். அதக் கொல்ல எண்டோசல்பான். கையால அடிச்சா ஆளு பத்தாதுன்னு 1970-களோட கடைசியில இருந்து 2000 வரைக்கும் ஹெலிகாப்டர்ல அடிச்சாங்க. பூச்சி படிச்சவரு பூச்சி செத்துதான்னு பாத்தாரு. மகசூலு படிச்சவரு எடை போட்டாரு. கீழ இருந்த கெணத்தயும் கொழந்தைங்களயும் எந்தத் துறையில சேக்கறதுன்னு யாருக்கும் தெரியில. கண்டுபிடிச்சது யாரு? எண்மகஜே பஞ்சாயத்துல சின்னதா கிளினிக் வெச்சிருந்த மருத்துவர் மோகன்குமார். ஒரே பக்கத்து வீடுங்கள்ல இருந்து இத்தினி நோயாளி ஏன் வர்றாங்கன்னு கணக்கு வெச்சாரு. கோர்ட்டுக்குப் போனது லீலாகுமாரி அம்மா, அவங்க வேலை பாத்ததே வேளாண்துறையிலதான். அகமதாபாத்துல இருந்து தேசியத் தொழில்வழி உடல்நல நிறுவனம் ஆய்வுக்கு வந்தப்ப 2001. உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை போட்டது 2011 மே மாசம். அதுக்கப்பறம் வந்துது சமூகப்பணித் துறை, நிவாரணப் பட்டியல்ல யாரு பேரு இருக்குது, யாரு பேரு இல்லன்னு பாக்கறதுக்கு. ஒரு கொசுவுல ஆரம்பிச்சி உங்க துறையெல்லாம் வரிசையா வந்துடுச்சி பாத்தியா, ஆளுக்குப் பத்து வருசம் தாமதமா.

மூஞ்சிய ஏன் தொங்கப் போடற? ஆராய்ச்சி வேணாம்னா சொன்னன்? பருவம் பாத்து வாடான்னு சொல்றன். முந்திரியப் பத்திக் கேக்க ஐப்பசி மழையில வந்து நிக்கிற, மரத்துல பூவும் இல்ல, காயும் இல்ல. பங்குனி, சித்திரையில வா, வெயிலுக்குப் பயப்படாம.

இப்ப வந்ததுக்கு ஒரு வேலை சொல்றன். பண்ருட்டிப் பக்கத்துல உன் சின்னாயி முந்திரிக்கொட்டை ஒடைக்கப் போறா இல்லியா, அவளப் போயிப் பாரு. ஓட்டுல இருக்கற எண்ணெ பட்டுப் பட்டு விரலெல்லாம் கருத்து, தோலு உரிஞ்சி கெடக்குது. சாம்பலத் தொட்டுக்கிட்டுதான் ஒடைப்பா. ரேசன் கடையில கைரேகை வெச்சா மெசினு அவள யாருன்னே தெரியாதுங்குது. நாலு தரம் தொடைச்சி வெச்சிப் பாத்துட்டு, நாளைக்கு வான்னு அனுப்பிடறாங்க. இது தோல் வியாதியா, கூலிப் பிரச்சினையா, முந்திரி ரகத்துப் பிரச்சினையா? எந்தத் துறையில எழுதிப் போடுவ, சொல்லு.

ஆனா அங்க போயி நாற்காலி போட்டு உக்காந்து கேக்காத. கிலோவுக்கு இவ்வளவுன்னுதான் அவளுக்குக் கூலி. நீ ஒரு கேள்வி நீட்டி மொழக்கறதுக்குள்ள அவளுக்குப் பத்துக் கொட்டை போச்சி. பக்கத்துலயே உக்காந்து நீயும் ஒட. ஒடைச்சத அவ கூடையில போடு. செல்ல எங்கிட்ட குடுத்துட்டுப் போ, சாயங்காலம் வந்து வாங்கிக்க. அந்தக் கையோட தடவினா அதுவும் உன்ன யாருன்னு கேக்கும்.