வாசல் எதுவரை?

சட்டப் புத்தகங்களில் நிலம் இரண்டே வகை: தனியார் இடம், பொது இடம். அவற்றை எழுதியவர்கள் கும்பகோணம் மாதிரி ஓர் ஊரில் ஏதாவது ஒரு தெருவில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்திருந்தால் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். அதற்குப் பெயர் வாசல். பட்டாவில் அது கிடையாது, பத்திரத்திலும் கிடையாது. ஆனால் “எங்க வாசல்ல வண்டிய நிறுத்தாதீங்க” என்று ஒருவர் சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் உறுதியைச் சார்பதிவாளர் கையெழுத்தும் முத்திரையும் சேர்ந்தும் தந்துவிட முடியாது. கும்பகோணம் 1866-ல் நகராட்சியாகி 2021-ல் மாநகராட்சியான ஊர். பெயர்ப் பலகை மாறியது, வாசல் மாறவில்லை. தெருவுக்கான விதிகள் ஏன் தோற்கின்றன என்று கேட்டால், நம் ஜனங்களுக்கு ஒழுங்கு போதாது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒழுங்கு இருக்கிறது. அது நாலடியில் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்குள் பெருக்கி, தண்ணீர் தெளித்து, புள்ளி வைக்கிற அந்த நிலத்தில் ஓர் அங்குலம்கூட வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை. எந்தச் சட்டமும் கேட்காத, யாரும் சம்பளம் தராத தெருப் பராமரிப்பு அது. (செய்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். வாசலுக்காகச் சண்டைக்குப் போவது பெரும்பாலும் ஆண்கள். வேலைப் பங்கீட்டில் குழப்பமே இல்லை.) ஆனால் பெருக்கிய குப்பை எங்கே போகிறது? கடைசிப் புள்ளிக்குச் சற்று அப்பால் போய் ஒதுங்குகிறது. விளக்குமாற்றின் எல்லை அங்கே முடிகிறது. உரிமையின் எல்லையோ அங்கேதான் தொடங்குகிறது. சாக்கடைக்கு மேல் சிலாப், சிலாப்புக்கு மேல் படி, படிக்கு முன்னால் சரிவு, சரிவுக்கு முன்னால் கார், கார் இல்லாத நேரத்தில் அதன் இடத்தைக் காக்க ஒரு குண்டுக்கல். மாடி எடுக்கிறவர் என்றால் ஆறு மாதத்துக்கு மணலும் ஜல்லியும். காதுகுத்து என்றால் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சாமியானா. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை உரிமம் இல்லாத இடத்தில் நடத்துவதானால் குறைந்தது மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. நாம் தெரிவிக்காமல் இல்லையே. கவுன்சிலருக்கு ஒரு மாதம் முன்பே பத்திரிகை வைத்துவிடுகிறோம்.

அபராதத்தை ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கட்சி உண்டு. இந்த மருந்து பழையது. அர்த்தசாஸ்திரம் தெருவில் குப்பை போட்டவனுக்குப் பணத்தில் எட்டில் ஒரு பங்கும், சேறோ தண்ணீரோ தேங்கச் செய்தவனுக்குக் கால் பணமும் விதிக்கிறது. ராஜவீதி என்றால் இரண்டு மடங்கு. பெரிய மனிதர் வருகிற வழி கூடுதல் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் புதிதாக முளைத்ததல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 283-ஆம் பிரிவு, பொது வழியை மறித்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்றது. அன்றைக்கு அது குடும்பத்தையே கவிழ்க்கும் தொகை. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொகை ஆடவில்லை, அசையவில்லை. கடைசியில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிடப் போதாத காசுக்கு ஒரு தெருவையே மறிக்கலாம் என்றாகிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டம் அதை 5,000 வரை உயர்த்தியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் 200 ரூபாய் குடும்பத்தைக் கவிழ்த்த காலத்திலும் திண்ணைகள் தெருப் பக்கம் வளர்ந்துகொண்டுதான் இருந்தன. தன் வாசலில் தான் கல் போடுவதை மறிப்பு என்று யாரும் நினைப்பதில்லை. எதிர்வீட்டுக்காரர் போட்டால்தான் அது மறிப்பு.

“வரி கட்டுகிறோமே, தெருவை நாங்கள் ஏன் பார்க்க வேண்டும்?” என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி, கணக்குதான் இடிக்கிறது. சொத்துவரி வீட்டுக்குப் போட்டது. கார் நிற்கும் இடமும் மணல் கிடக்கும் இடமும் அந்த ரசீதில் இல்லை. ஆயிரத்து இருநூறு சதுர அடிக்குக் கட்டிவிட்டு ஆயிரத்து ஐந்நூறில் வாழ்கிறவர் வரியைப் பற்றிப் பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வது நல்லது. ஆனால் சரிவு கட்டுகிறவர்களை அப்படி மடக்கிவிட முடியாது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, வீடு தாழ்கிறது. தாத்தா மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் பேரன் இரண்டு படி இறங்கிப் போகிறான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். அந்த வரைக்கும் தவறு அரசாங்கத்து மேல்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் சரிவை வேண்டும்போது தூக்கி எடுக்கும்படி செய்யலாமே. சாக்கடை மூடியோடு சேர்த்துச் சிமென்ட் பூசி அடைத்துவிட்டு, அடைப்பு எடுக்க வரும் தூய்மைப் பணியாளரிடம் “டைல்ஸ் ஒடஞ்சிடப் போவுது, பாத்துப்பா” என்று சொல்வது எந்த உத்தரவிலும் இல்லை.

தள்ளுவண்டிக்காரர்தான் தெருவைக் கெடுக்கிறார் என்பார்கள். நாம் அதிகம் நம்புகிற, காரணம் குறைவாக உள்ள வாதம் இது. தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் அவர்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது அது. காருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை, ஆனாலும் தள்ளுவண்டிதான் நம் கண்ணை உறுத்துகிறது. பூக்காரம்மா எழுந்து போகும்போது நாரையும் வாழைமட்டையையும் அள்ளிக்கொண்டு போகிறார். மறுநாளும் அதே இடத்தில்தான் உட்கார வேண்டும். தெருவில் உரிமையும் விளக்குமாறும் ஒரே இடத்தில் முடிகிற ஒரே ஆள் அவர்தான்.

ஆகவே என் யோசனை சிறியது. ஐம்பது விதிகளை அச்சடித்து ஒட்ட வேண்டாம். யார் எதுவரை என் வாசல் என்கிறாரோ, அதுவரை பெருக்குவதும் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதும் அவர் பொறுப்பு என்று ஒரே ஒரு விதி போதும். இது ஆக்கிரமிப்பைச் சட்டமாக்குவது ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. வார்டு அலுவலர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடும் ஒரு கட்டு விளக்குமாற்றோடும் வீடு வீடாக வந்து, “சார், கார் நிக்குற எடம், அந்தக் குண்டுக்கல், சாக்கடை சிலாப், எல்லாம் உங்க வாசல்னு எழுதிக்கலாமா?” என்று கேட்கட்டும். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிவிட்டு விளக்குமாற்றையும் நீட்டட்டும்.

“அது கார்ப்பரேஷன் எடம் சார். எங்களுது படியோட சரி.”