சான்றிதழுக்குத் தனி ரேட்

நாமக்கல்லில் முட்டைக்குத் தினமும் விலை வைக்கிறார்கள். ஐந்து பைசா ஏறினாலும் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். பிள்ளைக்கு மட்டும் பட்டியல் இல்லாமல் கிடந்தது. 2019 ஏப்ரலில் அந்தக் குறையும் தீர்ந்தது. அதே மாவட்டத்து இராசிபுரத்தில் விருப்ப ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் போனில் பேசிய பேச்சு வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. பெண் குழந்தை 2.70 லட்சத்தில் ஆரம்பம். சிவப்பாக, எடையாக இருந்தால் 3 லட்சம். ஆண் என்றால் அதற்கு மேலே. அமுல் பேபி மாதிரி கொழுகொழுவென்று கேட்டால் 4 லட்சத்தைத் தாண்டும். முன்பணம் 30,000. நகராட்சியின் அசல் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமென்றால் தனியாக 70,000.

முப்பது வருஷமாகச் செய்கிறேன், கடவுள் புண்ணியத்தில் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை என்றும் அந்தக் குரல் சொன்னது. அந்தக் கடவுள் எந்த அலுவலகத்தில், எந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் என்று தேடும் வேலை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அந்தப் பெண்மணி, அவருடைய கணவர், கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலையத்து ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தனியார் மருத்துவமனைச் செவிலியர், இடைத்தரகர்கள் என்று வரிசையாகக் கைதானார்கள். கடவுளைப் பிடித்ததாகத் தகவல் இல்லை.

சுகாதாரத் துறையும் சும்மா இருக்கவில்லை. பழைய பிறப்புப் பதிவேடுகளை எடுத்து, வீடு வீடாகப் போய்ப் பிள்ளை இருக்கிறதா என்று பார்த்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண் கருவுற்றால் கிராமச் சுகாதாரச் செவிலியர் பதிந்து எண் கொடுக்க வேண்டும். 2017-க்குப் பிறகு அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழே கிடையாது. எண் வாங்காத தாயை எத்தனை தடவை அலைய விடுகிறார்கள் என்று எந்த நகராட்சி வாசலில் நின்றாலும் கேட்கலாம். வயிற்றில் இருக்கும்போதே எண்ணித் தடுப்பூசிக்குத் தேதி குறிக்கும் அரசுக்கு, பிறந்த பிள்ளை வேறு வீட்டில் வேறு அம்மாவுக்குப் பிறந்ததாக எழுதப்படுவது மட்டும் கண்ணில் படவில்லை. பத்து மாசம் சுமக்காதவள் பெயரைத் தாய் என்ற கட்டத்தில் நிரப்பிச் சீல் குத்தப் பேனா பிடித்த கை ஒன்று வேண்டும். செவிலியர் அம்மா வீட்டில் அச்சடித்துக்கொள்ளும் காகிதம் அல்ல அது.

நியாயமாகச் சொன்னால், போட்டியில் அரசு தோற்றுவிட்டது. சட்டப்படி தத்தெடுக்க மத்தியத் தத்து ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். வீட்டைப் பார்க்க ஆள் வருவார், வருமானச் சான்று, மருத்துவச் சான்று கேட்பார். கட்டணம் என்னவோ குறைவுதான், அன்றைக்கு 40,000 ரூபாயும் வீட்டு ஆய்வுக்கு 6,000 ரூபாயும். ஆனால் வரிசையில் பல்லாயிரம் பேர், கைக்கு வரும் குழந்தைகள் சில ஆயிரம். வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நிறமும் தேர்ந்தெடுக்க முடியாது. இராசிபுரத்துச் சேவையில் அந்தக் குறை இல்லை.

வாங்கியவர்களைப் பற்றி எல்லோரும் மெல்லிய குரலில்தான் பேசுகிறார்கள். பாவம், குழந்தை இல்லாதவர்கள். பாவம்தான். நிறம் பார்த்து விலை பேசிய அந்தப் பாவங்கள், வீட்டுக்கு வந்ததும் தீபாராதனை காட்டிப் பெயர் வைத்திருப்பார்கள். சந்தையில் சிவப்புக்குக் கூடுதல் விலை என்று அந்தச் செவிலியர் சட்டம் போடவில்லை. கல்யாணத் தரகரிடம் நாம் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் தொட்டிலுக்குக் கொண்டு போனார்.

இனி விற்ற தாய். கொல்லிமலையில் கூலி வேலை, ஏற்கெனவே பிள்ளைகள் இருக்க இன்னொன்று. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி அப்போது 18,000 ரூபாய், அதுவும் தவணை தவணையாக. வளர்க்க முடியாது என்றால் குழந்தைகள் நலக் குழுவின் முன் போய்க் கையெழுத்திட்டு ஒப்படைக்கலாம், மனம் மாறினால் இரண்டு மாதத்துக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. அருமையான சட்டம். 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் அதை அவளிடம் சொன்னவர் யார்? தரகர் ஏறிப் போனார். ஆம்புலன்ஸ் ஏறிப் போனது.

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் பக்கத்துச் சேலத்தில்தான் தொடங்கியது. பெண் சிசுவைக் கொல்லாதே, தொட்டிலில் போடு, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று அரசு கூப்பிட்டது. உயிர்கள் பிழைத்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் பெற்றவளை ஏன் என்று கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொள்வதே நலம் என்ற பாடத்தை ஊர் நன்றாகப் படித்துக்கொண்டது. சேலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கடை திறந்தது. அங்கேயும் எதுவும் கேட்கமாட்டார்கள். கூடவே கொஞ்சம் பணமும் கொடுப்பார்கள்.

தண்டனையைப் பார்ப்போம். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் குழந்தை விற்றால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் அபராதம். மருத்துவமனை ஊழியர் தம் பொறுப்பில் உள்ள குழந்தையை விற்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு. மிகக் குறைந்த விலைப் பெண் குழந்தையை விற்று அபராதம் கட்டினாலும் கையில் 1.70 லட்சம் நிற்கிறது. இந்தக் கணக்கைப் போட வியாபாரி தேவையில்லை, நாலாம் வகுப்புப் பிள்ளை போதும். விற்கப்படாமல் பள்ளிக்கு வந்த பிள்ளை.

2019-க்குப் பிறகு துறை முன்னேறவில்லை என்று சொல்பவன் பொய்யன். 2023 அக்டோபரில் திருச்செங்கோடு அரசு மருத்துவமனையின் பெண் மருத்துவர் ஒருவரும் தரகர் ஒருவரும் கைதானார்கள். பச்சைப் பெண் குழந்தைக்கு விலை பேசினார்கள் என்று பெற்றவர்களே போலீசுக்குப் போனதில் வெளிவந்த வழக்கு. நாலே வருஷத்தில், அதே மாவட்டத்தில், செவிலியரிலிருந்து மருத்துவருக்குப் பதவி உயர்வு. குற்றம் செய்தாரா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் இரண்டு தடவையும் கூப்பாடு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரு தடவை ஒலிப்பதிவு, ஒரு தடவை கையில் காசில்லாத அப்பா அம்மா. குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண், கிராமந்தோறும் பாதுகாப்புக் குழு என்று இத்தனை காவல் போட்டிருக்கிறோம். திருட்டைச் சொன்னதென்னவோ வழிப்போக்கர்தான்.

பிள்ளையின் சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்து பிசகிவிட்டது என்று திருத்தப் போய்ப் பாருங்கள். ஆதார் கேட்பார்கள், பள்ளிச் சான்று கேட்பார்கள், நோட்டரி கையெழுத்து கேட்பார்கள், அடுத்த வாரம் வா என்பார்கள். எழுத்தைத் திருத்தத்தான் இத்தனை கெடுபிடி. அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து மாற்ற 70,000 போதுமாம்.