பேஸ் கொஞ்சம் தூக்கலா

திண்டுக்கல் பக்கம் நான் வளர்ந்த ஊரில் பாட்டு கேட்கக் காது இருந்தால் போதும், வேறு எந்தச் சாமானும் வேண்டாம். எந்தப் பாட்டு, எவ்வளவு சத்தம், எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதையெல்லாம் மைக்செட்காரர் பார்த்துக்கொள்வார். காதுகுத்தோ, சடங்கோ, மாரியம்மன் கோயில் திருவிழாவோ, விடிகாலை நாலரைக்கு வேப்பமரத்துக் குழாய் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையாரைக் கூப்பிடும். பிள்ளையார் வருகிறாரோ இல்லையோ, ஊர் எழுந்துவிடும். சத்தம் அதிகம் என்று யாரும் சண்டைக்குப் போய் நான் பார்த்ததில்லை. போனவர்கள் எல்லாம், குழாயை ஏன் எங்கள் தெருப் பக்கம் திருப்பிக் கட்டவில்லை என்று கேட்கத்தான் போனார்கள்.

அந்தக் குழாயைப் பற்றி இப்போது கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன். மனிதக் குரலை வெகுதூரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகச் செய்த சாமான் அது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிதாக ஒன்றும் வராது. மேலே ஐந்தாறாயிரத்தோடு மூச்சு முட்டிவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியோ 41 ஹெர்ட்ஸில் இருக்கிறது. ஆக, எழுபதுகளின் கடைசியிலிருந்து இளையராஜா தன் பாட்டுகளுக்கு அடியில் இன்னொரு பாட்டாகவே ஓடவிட்ட பேஸ் கிட்டார், எங்கள் ஊர் எல்லைக் கல்லிலேயே இறங்கிக்கொண்டது. முழுக்க இறங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அடிச்சுரம் வராவிட்டாலும் அதைச் சேர்ந்த மேற்சுரங்கள் வந்தால், மூளை ஓரளவு அடியை ஊகித்து நிரப்பிக்கொள்ளுமாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வராத பேஸுக்கு நாங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தது இந்த ஏற்பாட்டின்படிதான்.

வீட்டு ரேடியோ இதற்குச் சற்று மேல். ஆனால் இலங்கை வானொலி கடல் தாண்டி வந்ததால், பாட்டு நடுவில் மெலிந்து, எங்கேயோ போய்விட்டு, மறுபடி பொங்கிக்கொண்டு வரும். அலைவரிசையின் கோளாறு அது. நாங்கள் பாடகரின் பாவம் என்று நினைத்து உருகியிருக்கிறோம். பின்னாளில் அதே பாட்டைத் தெளிவான பதிவில் கேட்டபோது, சரணத்தில் அந்த உருக்கம் இல்லையே என்று எனக்கு மனக்குறைதான்.

ரசனை என்ற ஒன்றை எங்களுக்கு முறையாக ஊட்டியவர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த அண்ணன். நோட்டுத் தாளில் பாட்டுகளை எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். நல்ல நாள் பார்த்துத் தருவதைப் போல, செவ்வாய்க்கிழமை வா, வெள்ளிக்கிழமை வா என்பார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எல்.பி. தட்டுகள், இரண்டு டெக், நடுவில் பச்சையும் சிவப்புமாகத் துள்ளும் விளக்குகளோடு ஒரு கிராஃபிக் ஈக்வலைசர். அதன் குமிழ்களில் இடது ஓரமும் வலது ஓரமும் உச்சியில் நிற்கும், நடுவில் உள்ளவை பள்ளத்தில் கிடக்கும். "பேஸ் கொஞ்சம் தூக்கலா போடுங்கண்ணே" என்று சொல்வது எங்கள் வழக்கம். சொல்லாவிட்டாலும் அப்படித்தான் போடுவார். சுசீலா பாட்டாக இருந்தாலும் சரி, சண்டைக்காட்சி இசையாக இருந்தாலும் சரி, குமிழ்கள் இருந்த இடத்தைவிட்டு அசைந்ததே கிடையாது. குழாய் எங்களுக்குத் தராமல் வைத்திருந்த பேஸை வட்டியோடு வசூலித்துக் கொடுத்தவர் அவர். அந்தத் தாலுகா முழுவதற்கும் அவர் காதுதான் காது.

அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கம் முடியும்போது கடைசிப் பாட்டு எங்கே இருக்கிறதோ அங்கேயே வெட்டுப்படும். அதற்கெல்லாம் வருத்தப்படுகிறவர் இல்லை அவர். இன்றைக்கும் சில பாட்டுகளில் இரண்டாவது சரணம் தொடங்கிக் கொஞ்ச தூரம் போனதும், இதோ டக்கென்று நிற்கப் போகிறது என்று என் காது தயாராகிவிடுகிறது. பாட்டு நிற்காமல் ஓடுவதுதான் அநியாயமாகத் தோன்றுகிறது.

ஹெட்ஃபோன் என்பதை முதலில் பார்த்தது சித்தப்பா துபாயிலிருந்து வந்தபோது. வாக்மேனும், மெல்லிய எஃகுப் பட்டையில் கோத்த இரண்டு ஆரஞ்சு நிற ஃபோம் வட்டங்களும். சோனி கம்பெனி 1979 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வாக்மேனில் ஹெட்ஃபோன் செருக இரண்டு ஓட்டைகள் இருந்தன. தனியாக ஒருவர் மட்டும் பாட்டு கேட்பது கூட இருப்பவரை மதிக்காத காரியம் என்று கம்பெனித் தலைவர் அகியோ மொரிட்டாவுக்குத் தோன்றியதாம். இருவரும் பேசிக்கொள்வதற்கு ஒரு பொத்தான்கூட வைத்திருந்தார்கள், அதை அழுத்தினால் பாட்டு தணிந்து மைக் வழியாகப் பேச்சு கேட்கும். ஜனங்களுக்கு அந்த மரியாதையெல்லாம் தேவைப்படவில்லை. பின்னால் வந்த மாடல்களில் இரண்டாவது ஓட்டை அடைந்துபோனது. சித்தப்பா கொண்டுவந்தது அந்த மாதிரிதான்.

அதனால் நானும் சித்தப்பா மகனும் தலையோடு தலை ஒட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் வைத்துக் கேட்போம். ஸ்டீரியோ என்று கேசட் உறையில் போட்டிருந்ததைப் படித்திருந்தோமே தவிர, இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரே பாட்டில் புல்லாங்குழல் உண்டு என்று அவன் சத்தியம் செய்வான், கிடையவே கிடையாது என்று நான் சத்தியம் செய்வேன். பாட்டி வந்து இரண்டு பேர் முதுகிலும் ஒன்று வைத்துச் சமாதானம் செய்வாள். ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்ததும் அம்மா பழைய பனியன் துணியில் உறை தைத்துப் போட்டாள். ஒலி மந்தமாகிவிட்டது என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. காதில் குத்தாமல் இருந்ததே பெரிய முன்னேற்றம்.

இந்தப் பின்னணியோடுதான் போன மாதம் சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் போய் நின்றேன். பழைய ஹெட்செட் போய்விட்டது, புதிதாக ஒன்று வேண்டும், அவ்வளவுதான் என் கோரிக்கை. கடைப் பையனுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. "சார், உங்க டேஸ்ட் என்ன? பேஸ் ஹெவியா கேப்பீங்களா, வோக்கல்ஸா, இல்ல பேலன்ஸ்டா?" என்றான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என் விருப்பத்தை இவ்வளவு விசாரித்தவர் கிடையாது. வார்ம், பிரைட், நியூட்ரல் என்று வகைகளை அடுக்கிவிட்டு, "வி-ஷேப்னு ஒண்ணு இருக்கு சார், லோவும் ஹையும் தூக்கி, மிட்ட எறக்கி வெச்சிருப்பாங்க" என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினான். ரெக்கார்டிங் சென்டர் அண்ணனின் ஈக்வலைசர் குமிழ்கள் அப்படியே என் கண் முன்னால் வந்து நின்றன. அவர் செய்ததற்கு இப்போது பெயரும் விலையும் வைத்திருக்கிறார்கள்.

முதலில் திறந்த முதுகு கொண்ட ஒன்றை மாட்டிவிட்டான். உள்ளே ஒலிப்பது வெளியேயும், வெளியே ஒலிப்பது உள்ளேயும் தாராளமாகப் போய்வரும் வகை அது. அடைத்தாற்போல் இல்லாமல், ஒலி விரிந்து கேட்கும் என்பதற்காக வாங்குகிறார்கள். சென்ஹைசர் 1968-ல் கொண்டுவந்த ஹெச்.டி. 414 இந்த வகையின் மூதாதை, மஞ்சள் ஃபோம் போட்டது. அதே கம்பெனியின் ஹெச்.டி. 600-ஐ 1997-லிருந்து இன்றுவரை உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள். அருமையான ஒலிதான். ஆனால் 300 ஓம் மின்தடை. சாதாரண ஃபோனில் செருகினால் முனகும், தனியாக ஆம்ப் வாங்க வேண்டும். ஆம்ப் வாங்கினால், டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றித் தரும் டேக் என்ற பெட்டியும் வாங்க வேண்டும் என்று பையன் அடுத்த படிக்கு ஏறினான். நான் கீழேயே நின்றுகொண்டேன். மேலும், மிக்ஸி ஓடும் வீட்டில் இரண்டு பக்கமும் திறந்த ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வதும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதும் ஒன்றுதான்.

மூடிய வகையில் நியூட்ரலான ஒன்றை எடுத்து, ஹை-ஃபை கடைகளின் சுப்ரபாதமான 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வின் 1994 மேடைப் பதிவைப் போட்டான். எனக்குத் தெரிந்த ஒன்றைப் போடு தம்பி என்று 'மௌன ராகம்' படத்துக்குத் தாவச் சொன்னேன். அப்போதுதான் அந்த பேஸ் கிட்டார் முழுசாக வந்து சேர்ந்தது. 1986-ல் கிளம்பியது, இத்தனை வருஷம் கழித்து ரிச்சி தெருவில் கிடைத்தது. வேறு சிலவும் கூடவே வந்தன. எஸ். ஜானகி மூச்சு வாங்குவது கேட்டது. அவர் மூச்சே விடாமல் பாடுகிறவர் என்று நான் இதுவரை பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் சரியாக, அதனதன் இடத்தில், அதனதன் அளவில் இருந்தது. எனக்கோ பத்தியச் சாப்பாடு சாப்பிடுவதைப் போல இருந்தது.

"பிடிக்கலியா சார்?" என்று இன்னொன்றை மாட்டினான். இது விலை கூடியது. ஆகா, இதுதான் என்று தோன்றியது. தோன்றிய கையோடு ஃபோனைப் பார்த்தேன். ஒலியளவு இரண்டு கோடு ஏறியிருந்தது. சத்தம் குறைந்தால் காது முதலில் பேஸைத்தான் கைவிடும், கூடினால் பேஸும் சேர்ந்து எழும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து எழுதிவிட்டார்கள். கடைக்காரர்கள் அதை வாசிக்காமலே அறிந்தவர்கள். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் காட்டு என்றதும் பையன் என்னைப் புது மரியாதையோடு பார்த்தான். ஒரே சத்தத்தில் வைத்ததும் விலை கூடியதன் பெருமையில் பாதி போய்விட்டது.

அந்தப் பெட்டியில் ஹை-ரெஸ் என்ற தங்க நிற முத்திரை வேறு. 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்க வேண்டும் என்பது அந்த முத்திரைக்கான நிபந்தனை. மனிதக் காது நல்ல இளமையில் 20,000 வரை போகும். என் காது பன்னிரண்டாயிரத்துக்கு மேல் எதற்கும் கதவைத் திறப்பதில்லை, வீட்டில் சோதித்துப் பார்த்திருக்கிறேன். நாய்க்கு 40,000-க்கும் மேலே கேட்கும். அந்த விலைக்கு வாங்கினால் எங்கள் தெரு நாய்க்குத்தான் மாட்டிவிட வேண்டும். அதற்கும் 'மௌன ராகம்' பிடிக்க வேண்டும்.

நாய்ஸ் கேன்சலிங் வகையை என் மகள் முன்பே சிபாரிசு செய்திருந்தாள். வெளிச் சத்தத்தை மைக்கால் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே உண்டாக்கி, இரண்டையும் மோதவிட்டு அழிக்கிற வித்தை. ஒரே சீராக ஓடும் தாழ்ந்த ஒலி என்றால் அழகாக அழிக்கும்: ஃபேன், ஏ.சி., பஸ் எஞ்சின். திடீரென்று வரும் கூர்மையான ஒலிகளில் அதன் ஜம்பம் அவ்வளவாகச் செல்லாது. மகளுடையதை வாங்கி வீட்டில் மாட்டிப் பார்த்தேன். என்னைத் தொந்தரவே செய்யாத ஃபேன் சத்தம் காணாமல் போயிற்று. குக்கர் விசிலும், "என்னங்க, காது கேக்கலியா?"வும், பின்னணி இரைச்சல் ஒழிந்ததால் முன்னைவிடத் துல்லியமாக வந்து சேர்ந்தன.

கடைசியில் வாங்கியது அந்தப் பத்தியச் சாப்பாட்டைத்தான். மூடிய வகை, ஒயர் வைத்தது. பாட்டு கேட்பதற்கு முன் சார்ஜ் போட்டுக் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. வீட்டுக்கு வந்ததும் ஃபோனில் இருந்த ஈக்வலைசரைத் திறந்து, இரண்டு ஓரத்தையும் மேலே தள்ளி, நடுவைப் பள்ளமாக்கினேன். மகள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஹார்மன்னு ஆடியோ கம்பெனில ஷான் ஆலிவ்னு ஒருத்தர் இதையே ஆராய்ச்சி பண்ணிருக்காருப்பா" என்று தன் ஃபோனை நீட்டினாள். எந்த ஹெட்ஃபோன் என்று சொல்லாமல் பலரைக் கேட்கவைத்து, யாருக்கு எது பிடிக்கிறது என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு, நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கரில் கேட்பது போன்ற ஒலி பிடிக்கிறது. ஒரு சிறு கூட்டத்துக்கு பேஸ் இன்னும் வேண்டும். மற்றொரு கூட்டத்துக்கு அது குறைய வேண்டும்; ஐம்பது தாண்டியவர்கள் இந்தக் கூட்டத்தில் அதிகம். "நீங்க இதுலதான் வரணும். ஆனா சின்னப் பசங்க கூட்டத்துல போய் நிக்கிறீங்க" என்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ரெக்கார்டிங் சென்டருக்கு ஷான் ஆலிவ் வந்ததில்லை என்றேன்.

இப்போது அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கேட்டால், காதுக்கு ஆபத்து, ஒலியைக் குறையுங்கள் என்று ஃபோன் எச்சரிக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபலுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வேப்பமரத்துக் குழாய் ஒரு திருவிழாவுக்குள் எங்கள் வருஷக் கோட்டாவையே முடித்துவிட்டிருக்கும்.

நான் ஹெட்ஃபோன் விஷயம் தெரிந்தவன் என்று மாடிவீட்டு சார் எப்படியோ கேள்விப்பட்டு வந்தார். பேங்கில் ஓய்வுபெற்றவர். எனக்கு எது நல்லது, சொல்லுங்கள் என்றார். கடைப் பையன் பாணியிலேயே, என்ன கேட்பீர்கள் என்று விசாரித்தேன். காலையில் கந்தர் சஷ்டி கவசம், ராத்திரி எட்டு மணிக்கு டிவி விவாதம், நடுவில் ஒன்றும் கிடையாது என்றார். கவசத்துக்குக் கையிலிருக்கும் ஃபோன் ஸ்பீக்கரே போதும், விவாதத்துக்கு நல்ல நாய்ஸ் கேன்சலிங் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். டிவியோடு எப்படி இணைப்பது என்று கேட்டார். இணைக்க வேண்டாம், சும்மா மாட்டிக்கொண்டால் போதும் என்றேன்.